செங்கம் சாலையில் வந்த படைகள்

ரமணாசிரமத்துக்கு எதிரே ரோட்டைத் தாண்டினால் டீக்கடைகள். காலை ஆறரைக்கு அங்கே ஒரு ஓரமா உட்கார்ந்தால் பாதி உலகத்தைப் பார்த்துவிடலாம். போன மார்கழியில் அப்படித்தான் ஒரு ஹங்கேரிக்காரரோடு பேச்சு தொடங்கியது. அவருக்கு எகெர் என்ற ஊர். "எங்க ஊர்ல எதைத் தொட்டாலும் கோட்டைக் கதைதான்" என்றார். 1552இல் ஒட்டோமான் துருக்கியர் பெரும்படையோடு வந்து முற்றுகை போட்டார்கள். உள்ளே இருந்த சுமார் 2,000 பேர் தாக்குப்பிடித்து அவர்களைத் திருப்பி அனுப்பினார்கள். 1596இல் மறுபடி வந்தார்கள், அந்தத் தடவை கோட்டை விழுந்தது. அதற்கப்புறம் 1687 வரை, தொண்ணூறு வருஷத்துக்கு மேலே, அது துருக்கியரின் எல்லைக் கோட்டை ஊர். பள்ளிவாசல் போய்விட்டது, ஒற்றை மினார் மட்டும் இன்னும் நிற்கிறதாம்.

எல்லாம் சொல்லிவிட்டு, "உங்க ஊர்ல கோட்டை எங்கே?" என்று கேட்டார்.

நான் யோசிக்காமல் சொன்னேன்: "இது கோயில் ஊருங்க. கோட்டை பாக்கணும்னா செஞ்சிக்குப் போங்க, பஸ்ல ஒரு மணி நேரம்."

சொல்லிவிட்டேனே தவிர, வீட்டுக்கு வந்தும் அது உறுத்திக்கொண்டே இருந்தது. கர்நாடகப் போர்களைப் பற்றிப் படிக்கும்போதெல்லாம் 'திரிணோமலி' என்று ஒரு ஊர் திரும்பத் திரும்ப வரும். முற்றுகை போட்டார்கள், பிடித்தார்கள், இழந்தார்கள், மறுபடி பிடித்தார்கள். வெள்ளைக்காரன் வாயில் திரிந்த நம்ம திருவண்ணாமலைதான் அது. கோட்டையே இல்லாத ஊரை எப்படி முற்றுகை போடுவார்கள்? ஏன் போடுவார்கள்? இந்தப் பதிவு அந்தக் கேள்விக்காக நான் எடுத்த குறிப்புகளின் தொகுப்பு.

பாதி பதில் டீக்கடைப் பலகையிலேயே எழுதியிருக்கிறது. செங்கம் ரோடு.

இங்கிருந்து மேற்கே சுமார் 35 கிலோமீட்டரில் செங்கம். அதைத் தாண்டி சிங்காரப்பேட்டை, ஊத்தங்கரை, கிருஷ்ணகிரி, அப்புறம் ஓசூர், பெங்களூர். இன்றைக்கு கிருஷ்ணகிரி வரைக்கும் இது தேசிய நெடுஞ்சாலை 77. வடக்கே ஜவ்வாது மலை, தெற்கே தென்மலையும் அதற்கு அப்பால் கல்வராயனும். இரண்டுக்கும் நடுவில் இருக்கும் இந்த வழிதான் பழைய புத்தகங்களில் வரும் செங்கம் கணவாய். 18ஆம் நூற்றாண்டில் கணவாய்க்கு மேலே பாராமகால், அதாவது கிருஷ்ணகிரி, தருமபுரிச் சீமை. அது மைசூர் கையில் இருந்தது. கீழே ஆற்காட்டு நவாபின் கர்நாடகச் சீமை. மேலே இருந்து ஒரு பெரும்படை பீரங்கி வண்டிகளோடு கீழே இறங்க வேண்டுமென்றால் வசதியான வழிகள் மூன்று நான்குதான். வடக்கே வாணியம்பாடி, ஆம்பூர் வழியாகப் பாலாற்றுப் பள்ளத்தாக்கு. தெற்கே ஆத்தூர் வழி. நடுவே இந்தச் செங்கம் வழி.

பாலாற்று வழிக்கு ஆம்பூர் மலைக்கோட்டையும் வேலூரும் காவல். ஆத்தூருக்கு ஆத்தூர்க் கோட்டை. செங்கம் வழியின் கீழ்வாயிலில் அந்த அளவுக்குப் பேர் சொல்கிற கோட்டை கிடையாது. அங்கே இருந்தது ஒரு மலையும், மலையடியில் ஒரு கோயிலும், கோயிலைச் சுற்றி ஒரு ஊரும்தான்.

மலை இருக்கே, அதுவே கோட்டை ஆகாதா என்று தோன்றலாம். எனக்கும் தோன்றியது. அண்ணாமலை 800 மீட்டருக்கு மேல் உயரம். செஞ்சியின் குன்றுகளோ தனித்தனியாக நிற்கும் செங்குத்துப் பாறைகள். மூன்று குன்றையும் சேர்த்து மதில் கட்டி, உச்சியில் சுனையும் களஞ்சியமும் வைத்துக்கொண்டால் ஆயிரம் பேர் வருஷக்கணக்கில் உட்காரலாம். அப்படித்தான் சத்ரபதி ராஜாராம் அங்கே உட்கார்ந்தார், ஔரங்கசீப்பின் தளபதி ஜுல்பிகார் கான் 1690இலிருந்து 1698 வரை கீழே காத்துக் கிடந்தார். அண்ணாமலை அந்த மாதிரி மலை இல்லை. மதில் கட்டி வளைக்க முடியாத அளவுக்குப் பெரிசு. சுற்றிவரவே 14 கிலோமீட்டர், கிரிவலம் போனவர்கள் காலுக்குத் தெரியும்.

இன்னொரு வித்தியாசமும் இருக்கிறது, எனக்கு இதுதான் முக்கியமாகப் படுகிறது. செஞ்சி ஒளிந்துகொள்ள ஏற்ற இடம். திருவண்ணாமலை கடந்துபோகிற இடம். ஒளிகிறவனுக்குப் பாறை வேண்டும். கடக்கிறவனுக்குச் சோறு வேண்டும், தண்ணீர் வேண்டும், காயம்பட்டவனைப் போட்டுவிட்டுப் போக ஒரு கூரை வேண்டும். இந்த மூன்றும் கிடைக்கிற ஊர் பாதையின் வாயில் இருந்தால், பிடித்தாலும் பிடிக்காவிட்டாலும் படை அங்கே வந்துதான் தீரும்.

இது 18ஆம் நூற்றாண்டில் புதிதாக முளைத்த விஷயமும் இல்லை. செங்கத்தைச் சுற்றித் தமிழ்நாட்டுத் தொல்லியல் துறை கண்டெடுத்துப் பதிப்பித்த நடுகற்கள் ஏராளம். பல்லவர் காலத்திலிருந்து வருபவை. அவற்றில் திரும்பத் திரும்ப வரும் சங்கதி ஒன்றுதான்: மாட்டை ஓட்டிப்போக வந்தார்கள், மீட்கப் போனவன் செத்தான். வெட்சி, கரந்தை என்று இலக்கணத்தில் படித்தோமே, அது இந்த ஊர்ப்பக்கத்தில் உண்மையாகவே நடந்து, கல்லில் ஆளின் பெயரோடு நிற்கிறது. அதற்கும் முன்னால் மலைபடுகடாம் பாடும் நன்னன் இந்தச் செங்கண்மாவுக்குத் தலைவன். மேட்டுநிலமும் தாழ்நிலமும் சந்திக்கிற இடத்தில் மாடுதான் செல்வம், மாடுதான் சண்டைக்கும் காரணம். மாட்டை ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வரும்.

ஊரையே எல்லைத் தலைநகராக ஆக்கிய முதல் ஆள் வல்லாள மகாராஜா, அதாவது ஹொய்சள மன்னர் மூன்றாம் வீரவல்லாளர். 1311இல் மாலிக் காபூர் படை துவாரசமுத்திரத்தை அடித்தபிறகு, அடுத்தடுத்து வந்த தில்லிப் படைகளால் பழைய தலைநகரம் நிலைக்கவில்லை. மதுரையில் ஒரு சுல்தானிய அரசு தனியாகக் கிளம்பியது. வல்லாளர் தன் இருப்பைத் தெற்கே, திருவண்ணாமலைக்கு மாற்றிக்கொண்டார். யோசித்துப் பார்த்தால் நல்ல தேர்வு. வீட்டுக்குத் திரும்ப மேற்கே செங்கம் வழி, சண்டைக்குப் போகத் தெற்கே திருச்சி வழி.

முடிவுதான் நல்லதாக இல்லை. கண்ணனூர்க் கொப்பத்தில், இன்றைய சமயபுரத்துக்குப் பக்கத்தில், மதுரைப் படையை முற்றுகையிட்டு விழும் நிலைக்குக் கொண்டுவந்துவிட்டார். உள்ளே இருந்தவர்கள், சரணடையலாமா என்று சுல்தானிடம் கேட்டு வர அவகாசம் கேட்டார்கள். கொடுத்தார். அந்த இடைவெளியில் சுல்தான் படையோடு வந்து, மத்தியானம் அசந்திருந்த நேரத்தில் பாய்ந்தார். வயது எண்பதை நெருங்கிய வல்லாளர் பிடிபட்டுக் கொல்லப்பட்டார். அவர் தோலில் வைக்கோல் அடைத்து மதுரை மதிலில் தொங்கவிட்டதைத் தன் கண்ணால் பார்த்ததாக இப்னு பதூதா எழுதியிருக்கிறார். 1342-43 வாக்கில் நடந்தது.

ஊருக்குள் இந்தக் கதை வேறு உருவத்தில் இருக்கிறது. பிள்ளை இல்லாத வல்லாளனுக்கு அண்ணாமலையாரே பிள்ளையானார். அதனால் தை மாதத் தீர்த்தவாரி முடிந்து சாமி திரும்பும்போது அப்பா செத்த சேதி வரும், மேளதாளம் இல்லாமல் கோயிலுக்குப் போவார். மாசி மகத்தில் பள்ளிகொண்டாப்பட்டில் திதி கொடுப்பார். வருஷா வருஷம் நடக்கிறது, போய்ப் பார்க்கலாம். எல்லைப் போரில் செத்த ஒரு ராஜாவுக்கு ஆறே முக்கால் நூற்றாண்டாகக் கருமாதி நிற்காத ஊர் வேறு எங்காவது இருக்கிறதா என்று அந்த ஹங்கேரிக்காரரைக் கேட்டேன். சிரித்தார், பதில் சொல்லவில்லை.

சரி, கோட்டை இல்லாமல் எப்படி முற்றுகை என்ற கேள்விக்கு வருவோம்.

கோயில்தான் கோட்டை. தினமும் உள்ளே போய்வருகிறோம், ஆனால் அந்தக் கண்ணால் பார்ப்பதில்லை. ஒருநாள் ஒரு கில்லேதார் பார்த்திருக்கக்கூடிய மாதிரி பாருங்கள். சுமார் 25 ஏக்கர். நாலு பக்கமும் கருங்கல் மதில். உள்ளே நுழைய நாலே வாசல், ஒவ்வொன்றுக்கும் யானை முட்டினாலும் அசையாத கதவு போட இடம். உள்ளே சிவகங்கைத் தீர்த்தம், பிரம்ம தீர்த்தம் என்று இரண்டு குளம், முற்றுகை எத்தனை நாள் நீண்டாலும் தண்ணீர் வெளியிலிருந்து வர வேண்டாம். ஆயிரங்கால் மண்டபம் மாதிரி மழை படாத கல் கூரை. தானியம் கொட்டலாம், மருந்து வைக்கலாம், ஆளைப் படுக்கவைக்கலாம். கிழக்கே 217 அடி ராஜகோபுரம். மேல் நிலையில் ஒருவன் ஏறி நின்றால் செங்கம் பக்கத்துப் புழுதி தெரியும்.

இது நம்ம ஊர்க் கோயிலுக்கு மட்டும் நடந்ததில்லை. கர்நாடகப் போர்க்காலத்தில் சோழமண்டலத்துப் பெரிய கோயில்கள் பலவும் இப்படித்தான் ஆயின. 1750களில் ஸ்ரீரங்கம் பிரெஞ்சுக்காரர்களுக்குப் பாசறை. 1780இல் காஞ்சிபுரம் கோயிலில் சர் ஹெக்டர் மன்றோ தன் சாமான்களை வைத்திருந்தார். பொள்ளிலூரில் பெய்லியின் படை அழிந்த செய்தி வந்ததும் பெரிய பீரங்கிகளைக் கோயில் குளத்தில் தள்ளிவிட்டு மெட்ராஸுக்கு ஓடினார். 1781 ஜூனில் சிதம்பரம் கோயில் ஐதர் அலியின் காவல்படை கையில். சர் அயர் கூட் தாக்கிப் பார்த்துவிட்டு முடியாமல் பின்வாங்கினார்.

ஆனால் கோயில் மதில் கோட்டை மதில் ஆகாது, இதையும் சொல்லியாக வேண்டும். பீரங்கியைத் தாங்கும் மதிலுக்குப் பின்னால் மண் அணை இருக்கும், குண்டு கல்லை உடைத்தாலும் மண் வாங்கிக்கொள்ளும். மூலைக்கு மூலை கொத்தளம் துருத்திக்கொண்டு இருக்கும், மதிலடியில் வந்து நிற்பவனைப் பக்கவாட்டில் சுட. சுற்றி அகழி இருக்கும். வேலூரில் இது எல்லாம் இருக்கிறது. எகெர் மாதிரி ஊர்களிலும் பீரங்கி வந்தபிறகு இப்படித்தான் மாற்றிக் கட்டினார்கள். கோயில் மதில் யாரையும் சுட்டுத் தள்ளுவதற்காக எழும்பியதில்லை. தேர் வீதிக்கும் பிராகாரத்துக்கும் நடுவில் ஒரு வரம்பு, அவ்வளவுதான். குதிரைப்படை கொள்ளைக்கு வந்தால் கதவைச் சாத்திக்கொண்டு உட்காரலாம். நாலு நல்ல முற்றுகைப் பீரங்கி வந்து சேர்ந்தால் கதை முடிந்தது.

இதனால்தான் இந்த ஊர் அடிக்கடி கை மாறியது என்று நினைக்கிறேன். பிடிக்க வேண்டிய அளவுக்கு முக்கியம், காப்பாற்ற முடியாத அளவுக்குப் பலவீனம். 1753இல் முராரி ராவும் முர்தசா அலியும் முற்றுகையிட்டார்கள், ஊர் தப்பித்தது. 1757இல் சூபீர் தலைமையில் பிரெஞ்சுக்காரர்கள் பிடித்தார்கள். 1760இல் கேப்டன் ஸ்டீபன் ஸ்மித் ஆங்கிலேயருக்காகப் பிடித்தார். அதே ஸ்மித் அடுத்த வருஷம் செஞ்சியையும் வாங்கினார். பட்டியல் இன்னும் இருக்கிறது, முழுக்கச் சொன்னால் உங்களுக்குத் தூக்கம் வரும். எனக்கே வந்தது.

1767 மட்டும் வேறு. அதை நிதானமாகப் பார்க்க வேண்டும்.

முதல் மைசூர் போர். கும்பினியோடு சேர்ந்து மைசூர் மேல் படையெடுத்த ஐதராபாத் நிஜாம் அலி கான், பாதி வழியில் ஐதர் அலியோடு சேர்ந்துகொண்டார். மேலே சிக்கிக்கொண்டிருந்த கும்பினிப் படைக்குத் தலைவர் கர்னல் ஜோசப் ஸ்மித். முன்னே சொன்ன ஸ்டீபன் ஸ்மித் வேறு, இவர் வேறு. ஆகஸ்ட் 25ஆம் தேதி ஐதரின் குதிரைப்படை முதலில் என்ன செய்தது தெரியுமா? மேய்ந்துகொண்டிருந்த ஸ்மித்தின் மாடுகளை ஓட்டிக்கொண்டு போய்விட்டது. செங்கம் நடுகல்லில் இருக்கும் அதே வேலை, ஆயிரம் வருஷத்துக்கு மேல் கழித்து.

மாடு போனால் என்ன என்று நினைக்கக் கூடாது. ஒரு கணக்குப் போட்டேன், என் சொந்தக் கணக்குதான். ஸ்மித்திடம் அப்போது சண்டை போடும் ஆள் ஆறாயிரத்துக்கு மேல். ஆளுக்கு ஒருநாள் முக்கால் கிலோ அரிசி என்றாலும் 4,500 கிலோ. பொதிமாடு ஒன்று 75 கிலோ சுமக்கும் என்றால் ஒருநாள் சோற்றுக்கே 60 மாடு, பத்து நாளைக்கு 600. அந்தக் காலத்துப் படையோடு சமையல்காரர், மாட்டுக்காரர், டோலி தூக்குகிறவர், பெண்டு பிள்ளைகள், கடைக்காரர் என்று இன்னும் பல மடங்கு பேர் வருவார்கள். பீரங்கி இழுக்கத் தனியாக மாடு. ஆக, மாட்டை ஓட்டிப்போனவன் ஒரு குண்டு சுடாமலேயே படையின் காலை உடைத்துவிட்டான்.

ஸ்மித் செங்கம் வழியாக இறங்கினார். திருச்சியிலிருந்து கர்னல் உட் இன்னொரு படையோடு வந்துகொண்டிருந்தார், இருவரும் திருவண்ணாமலையில் சேர வேண்டும் என்று திட்டம். அங்கே அரிசி சேர்த்து வைத்திருப்பதாக நவாப் முகமது அலி தரப்பில் சொல்லியிருந்தார்கள். செப்டம்பர் 3, செங்கத்துக்குப் பக்கத்தில் ஐதரும் நிஜாமும் மறித்தார்கள். பாதையை அடக்கி ஒரு குன்று. அதை முதலில் பிடிப்பது யார் என்பதுதான் சண்டை. கும்பினிச் சிப்பாய்கள் முந்திக்கொண்டார்கள், ஐதர் எத்தனை முறை முயன்றும் திரும்ப வாங்க முடியவில்லை. ஸ்மித் ஜெயித்தார். ஆனால் சண்டை நடந்த நேரத்தில் அவருடைய சாமான் வரிசையில் புகுந்த குதிரைவீரர்கள் அரிசியை அடித்துக்கொண்டு போயிருந்தார்கள். ஜெயித்த படை, ராத்திரியும் பகலும் பட்டினியாக நடந்து இந்த ரோடு வழியாகத்தான் திருவண்ணாமலை வந்தது.

வந்து பார்த்தால் சொன்ன அரிசி இல்லை.

இந்த இடத்தில் கொஞ்சம் நிற்க வேண்டும். ஒட்டோமான் எல்லைக் கோட்டையைப் பற்றி அந்த ஹங்கேரிக்காரர் சொன்னதில் எனக்குப் பிடித்த விஷயம், அங்கே கோட்டை என்றால் முதலில் களஞ்சியம் என்பது. பெல்கிரேடு மாதிரி ஆற்றங்கரை ஊர்களில் தானியமும் மருந்தும் முன்கூட்டியே வந்து இறங்கும், படை அப்புறம் வரும். திருவண்ணாமலைக்கும் வேலை அதுதான். செங்கம் வழியில் வருகிறவனுக்கு முதல் களஞ்சியம். ஆனால் அதை நிரப்ப வேண்டியவன் நவாப், பயன்படுத்த வேண்டியவன் கும்பினி, நெல் யாருடையது என்றால் ஊர்க்காரனுடையது. நவாபுக்குக் கடன் கழுத்துக்கு மேல். யார் நிரப்புவார்கள்?

ஸ்மித் நோயாளிகளையும் காயம்பட்டவர்களையும் ஊரில் விட்டுவிட்டு, அரிசி தேடிக் கிழக்கே போனார். உட் வந்து சேர்ந்தார், இப்போது பத்தாயிரம் பேர் அளவுக்குப் படை. சோறும் அதே அளவு கூடுதலாக வேண்டும். திரும்பி வந்தார். எதிரே ஐதரும் நிஜாமும், ஆங்கிலேயர் கணக்குப்படி எழுபதாயிரம் பேர், நூறு பீரங்கிக்கு மேல். கணக்கைக் கொஞ்சம் ஊதியிருப்பார்கள் என்றே வைத்துக்கொண்டாலும் பல மடங்கு பெரிய படை. சும்மா காத்திருந்தாலே ஸ்மித் பட்டினியில் போய்விடுவார் என்று எதிர்த்தரப்புக்குக் கணக்கு.

கணக்கைக் கெடுத்தது பூமிக்கடியில் இருந்தது. கிராமத்துக்காரர்கள் மண்ணுக்குள் குழி வெட்டிப் புதைத்து வைத்திருந்த தானியம் ஸ்மித்தின் ஆட்கள் கண்ணில் பட்டது. ஆங்கிலேயர் எழுதிய வரலாறுகளில் இது அதிர்ஷ்டம் என்று ஒரு வரியில் கடந்துபோகும். புதைத்தவன் பக்கத்திலிருந்து யோசியுங்கள். புரட்டாசி மாசம். சம்பா இன்னும் வயலில். அடுத்த அறுப்பு வரைக்கும் குடும்பம் சாப்பிட, அடுத்த விதைப்புக்கு விதை, எல்லாம் அந்தக் குழிக்குள். ஐதர் கண்ணிலும் படக்கூடாது, நிஜாம் கண்ணிலும் படக்கூடாது, கும்பினி கண்ணிலும் படக்கூடாது என்றுதானே புதைத்தான்? அதைத் தோண்டித் தின்றுவிட்டுத்தான் ஒரு படை இந்த ஊரில் ஜெயித்தது. என்னைக் கேட்டால் 1767 போரின் முக்கியமான ஆயுதம் அந்தக் குழிதான்.

செப்டம்பர் 25, 26இல் சண்டை. கும்பினிப் படையின் இடப்பக்கத்தை நோக்கி ஐதரின் பீரங்கிகள் பேசத் தொடங்கின. நடுவே கடக்க முடியாத சேறு. மழைக்காலத்தில் இந்தப் பக்கத்து ஏரிக்கால்களைப் பார்த்தவர்களுக்குப் புரியும். சேற்றைச் சுற்றிப் போக ஸ்மித் வலப்பக்கம் ஒரு குன்றை வளைத்து நடந்தார். எதிரே இருந்தவர்கள், சோறில்லாமல் ஆற்காட்டுப் பக்கம் ஓடுகிறான் என்று நினைத்துக்கொண்டு, குன்றின் மறுபக்கத்தால் வேகமாக வந்தார்கள். இரண்டு படையும் குன்றைச் சுற்றிவந்து நேருக்கு நேர் முட்டிக்கொண்டன. இருட்டும் நேரத்துக்குள் ஐதர் தோற்றது தெரிந்துகொண்டார். தன் பீரங்கிகளில் பெரும்பாலானதைச் சாமர்த்தியமாக இழுத்துக்கொண்டு விலகிவிட்டார். நிஜாமுக்கு அந்தச் சாமர்த்தியம் இல்லை. மறுநாளையும் சேர்த்து அறுபதுக்கு மேற்பட்ட பீரங்கிகள் கும்பினி கையில் சிக்கின. நிஜாம் வந்த வழியே, செங்கம் கணவாய்க்குள் ஓடினார்.

அந்த ஓட்டத்தைப் பற்றி வில்க்ஸ் ஒரு கதை சொல்கிறார். போர் பார்க்க என்று நிஜாம் தன் பேகம்களை யானைமேல் கூட்டி வந்திருந்தாராம். திரும்புங்கள் என்று உத்தரவு வந்ததும் ஒரு பேகம், இந்த யானைக்குத் திரும்பி ஓடப் பழக்கவில்லை, அது கொடியின் பின்னால்தான் போகும் என்று மறுத்துவிட்டாராம். கொடி முன்னால் போகும்வரை குண்டுகளுக்கு நடுவே அந்த யானை நின்றதாம். நடந்ததோ இல்லையோ, கதை நன்றாக இருக்கிறது.

ஜெயித்தது சரி. எல்லை காப்பாற்றப்பட்டதா? அதே செப்டம்பரில், பதினாறு பதினேழு வயசுப் பையன் திப்பு குதிரைப்படையோடு மெட்ராஸ் வாசலில், பரங்கிமலைப் பக்கத்தில் வெள்ளைக்காரர்களின் தோட்ட வீடுகளைக் கலக்கிக்கொண்டிருந்தான். இங்கே தோற்ற செய்தி கேட்டுத்தான் திரும்பினான். 1769இல் ஐதரே எல்லாக் கோட்டையையும் ஒதுக்கிவிட்டுக் குதிரைப்படையோடு மெட்ராஸ் வாசலில் போய் நின்று, ஏப்ரலில் தனக்குச் சாதகமான உடன்படிக்கை வாங்கினார். எல்லை ஊரால் பீரங்கி வண்டியையும் பொதிமாட்டையும்தான் மறிக்க முடியும். குதிரைக்காரன் வயல் வழியாகப் போய்விடுவான்.

1780 ஜூலையில் ஐதர் மறுபடி வந்தார், இந்த முறையும் செங்கம் கணவாய்தான். இந்தப் பக்கத்தில் இருந்த சின்னக் கோட்டைகள் மளமளவென்று விழுந்தன. வந்தவாசியில் ஃபிளின்ட் என்ற லெப்டினன்ட் மாதிரி சிலர்தான் கடைசிவரை தாக்குப்பிடித்தார்கள். தஞ்சாவூர்ப் பக்கம் 'ஐதர் கலாபம்' என்று சொல்வார்களே, அது இந்தப் போர்தான்.

அந்த ஃபிளின்ட் பத்து வருஷம் கழித்து மறுபடி கதைக்குள் வருகிறார். மூன்றாம் மைசூர் போரில், 1790 கடைசியில், திப்பு திருச்சிப் பக்கமிருந்து வடக்கே ஏறிவந்து தியாகதுர்கத்தைத் தாக்கினார். அங்கே இருந்தது அதே ஃபிளின்ட். பாறைக் கோட்டை, பழகின கை. திப்புவால் முடியவில்லை. அப்படியே திருவண்ணாமலைக்கு வந்தார். இங்கே பாறையும் இல்லை, ஃபிளின்ட்டும் இல்லை. ஊர் விழுந்தது. ஊர்மக்கள் மிக மோசமாக நடத்தப்பட்டதாக ஆங்கிலேயர் எழுதியிருக்கிறார்கள். திப்புவைப் பற்றி அவர்கள் எழுதுவதை ஒரு பங்கு உப்போடுதான் சாப்பிட வேண்டும், ஆனால் தியாகதுர்கத்தில் பட்ட அவமானத்தோடு வந்த ஒரு படை மதில் பலவீனமான ஊரில் நுழைந்தால் என்ன ஆகும் என்று ஊகிக்கப் பெரிய ஆதாரம் வேண்டாம். தலபுராண வழியில் எழுதுகிற சில சின்னப் புத்தகங்கள் இதை மட்டும் எடுத்துக்கொண்டு, மதச் சண்டையாகச் சொல்லிவிட்டு முடிக்கும். அதற்கு முன்னால் இந்தக் கோயிலை மாறி மாறிப் பாசறையாக வைத்திருந்த நவாபின் ஆட்களும் பிரெஞ்சுக்காரர்களும் கும்பினியும் அந்தப் புத்தகங்களில் வருவதே இல்லை. 1767இல் குழியைத் தோண்டியவன் எந்த மதத்துக்காகத் தோண்டினான்?

திப்பு இங்கிருந்து பெருமுக்கல் வழியாகப் புதுச்சேரிப் பக்கம் போனார், பிரெஞ்சு உதவி கிடைக்குமா என்று பார்க்க. கிடைக்கவில்லை.

அப்புறம் 1792 மார்ச்சில் ஸ்ரீரங்கப்பட்டண உடன்படிக்கை. பாராமகால் முழுக்கக் கும்பினிக்குப் போனது. கணவாய்க்கு மேலேயும் கும்பினி, கீழே இருக்கும் நவாபும் கும்பினியின் பிடியில். ஒரு கையெழுத்தில் செங்கம் கணவாய் எல்லையாக இல்லாமல் போய்விட்டது. எகெர் ஊரில் எல்லை நகர்ந்ததும் காவல் குறைந்து, கோட்டையின் ஒரு பகுதியையே வெடிவைத்துத் தகர்த்தார்களாம். இங்கே தகர்க்க எதுவும் இல்லை. சிப்பாய்கள் வெளியே போனால் அது மறுபடி கோயில், அவ்வளவுதான்.

அடுத்த நூறு வருஷத்தில் இந்த ஊர்ப் பெயர் போர்ப் புத்தகங்களில் வரவில்லை. 1896 செப்டம்பர் 1ஆம் தேதி மதுரையிலிருந்து ஒரு பதினாறு வயசுப் பையன் ரயிலில் வந்து இறங்கி, நேரே கோயிலுக்குள் போய், ஆயிரங்கால் மண்டபத்திலும் அதன் அடியில் பாதாள லிங்கக் குகையிலும் உட்கார்ந்துகொண்டான். செங்கம் சாலையில் இன்றைக்கு இருக்கும் ஆசிரமம், டீக்கடைகள், ஹங்கேரிக்காரர், எல்லாம் அதன் பின்விளைவு.

ரெண்டு நாள் கழித்து அவரை அதே கடையில் பார்த்தேன். "கோட்டை இருக்குங்க, நான்தான் தப்பா சொல்லிட்டேன்" என்று ஆரம்பித்து இதையெல்லாம் சுருக்கமாகச் சொன்னேன். பொறுமையாகக் கேட்டார். மதிலைப் பற்றியோ கோபுரத்தைப் பற்றியோ ஒன்றும் கேட்கவில்லை. அந்தத் தானியக் குழிகள் எந்தக் கிராமத்தில் இருந்தன என்று மட்டும் கேட்டார். நான் கையை மேற்கே காட்டி, "இந்தப் பக்கம் எங்கேயோ" என்றேன். செங்கத்திலிருந்து வந்த பஸ் ஒன்று ஹாரன் அடித்துக்கொண்டு எங்களைத் தாண்டிப் போனது.